ஆடக் கற்க வயதுண்டோ?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அவற்றைக் கடந்து, செம்மேடு வழியாகப் பெரியகோவிலூரை அடைந்தால், அறம்வளர்த்த நாயகியுடன் அறப்பளீசுவரர் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலைத் தரிசிக்கலாம். தேவார வைப்புத் தலங்களுள் ஒன்றான இத்தலத்து ஈசன் மீது பாடப்பட்ட அறப்பளீசுர சதகத்தை நம் தலைமுறையினர் பலர் இளமையிலேயே அறிந்திருப்போம். அதைப் பாடியவர் அம்பலவாணக் கவிராயர். அம்பலத்தில் ஆடுகின்ற பெருமானின் திருப்பெயரைத் தம் பெயராகத் தாங்கியவர் அவர்.

கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். இளைஞர்கள் இறங்கிச் செல்ல, நம் வயதினர் பெரும்பாலும் மேலேயே அமர்ந்துவிடுகிறோம். அப்படி அமர்ந்திருப்போரின் பேச்சு விரைவில் முழங்கால் வலியில் வந்து நிற்கும். "இனி நமக்கு எதற்கு?" என்ற சொல்லும் கூடவே வரும். ஆனால் அவர்கள் அமர்ந்திருக்கும் அந்த மலையோ, தமிழரின் ஆடல் மரபில் தனியிடம் பெற்ற மலை.

சங்க இலக்கியங்கள் போற்றும் கொல்லிப்பாவையை நாம் அறிவோம். இம்மலையைக் காக்கும் தெய்வப் பாவை அவள். இங்குள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாகக் கருதி வழிபடுவோரும் உளர். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் 'பாவை' என்பதும் ஒன்று. போர்க்கோலம் பூண்ட அவுணர்கள் மயங்கி விழும்படி, திருமகள் கொல்லிப்பாவை வடிவு கொண்டு ஆடிய ஆடல் இது என்று உரை கூறுவர். படைக்கலத்தால் வெல்ல வேண்டிய பகையை ஆடலால் வென்ற கதை இந்த மலையின் பெயரோடு பிணைந்திருக்கிறது.

ஐந்து வயதில் தொடங்கியவளும் அரசனாகிய பின் தொடங்கியவனும்

அந்த மாதவி, ஐந்து வயதில் ஆடல் கற்கத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறினாள். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். ஆடலைத் தொழிலாகக் கொள்ளும் ஒருவருக்கு உடல் வளைந்து கொடுக்கும் பருவத்திலேயே பயிற்சி தொடங்க வேண்டும் என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர். இன்றும் பரதம் பயிலும் குழந்தைகளை நாம் ஐந்தாறு வயதில்தான் சேர்க்கிறோம்.

அப்படியானால், அந்த வயதைத் தவறவிட்டவர்களுக்கு ஆடல் இல்லையா? இதற்கு விடை மதுரையில் இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 24ஆம் படலம், கால் மாறி ஆடிய படலம். விக்கிரம பாண்டியனின் மகன் இராசசேகர பாண்டியன் அறுபத்து மூன்று கலைகளில் வல்லவன். ஆடற்கலை ஒன்றை மட்டும் கற்காமல் விட்டிருந்தான். கரிகால் சோழன் அறுபத்து நான்கும் கற்றவன் என்று சோழ நாட்டுப் புலவர் ஒருவர் வாயிலாகக் கேட்டதும், ஆசிரியர்களை வரவழைத்துப் பயிலத் தொடங்கினான். அரியணை ஏறிய பிறகு அரிச்சுவடி தொடங்கியது போன்ற நிலை. உடல் நொந்தது, கால் வலித்தது.

அந்த வலியில்தான் அவனுக்கு ஓர் எண்ணம் பிறந்தது. 'சில நாள் ஆடிய எனக்கே இவ்வளவு வருத்தம் என்றால், ஓயாமல் ஒரே காலை ஊன்றி ஆடும் என் ஐயனுக்கு எவ்வளவு வருத்தம் இருக்கும்!' வெள்ளியம்பலத்தில் நின்று, காலை மாற்றி ஆடியருள வேண்டும் என்று மன்றாடினான்; இல்லையேல் வாளில் வீழ்ந்து உயிர் துறப்பேன் என்றான். கண்களை மூடித் திறந்தபோது, ஊன்றிய வலக்காலைத் தூக்கி, தூக்கிய இடக்காலை ஊன்றி நின்றான் இறைவன். பிற தலங்களில் இடத்திருவடி தூக்கி ஆடும் கூத்தப்பெருமான், மதுரையில் மட்டும் வலத்திருவடி தூக்கி ஆடுவதன் காரணம் இதுவே.

இக்கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் பாண்டியன் ஐந்து வயதில் ஆடக் கற்றிருந்தால் அவனுக்கு அந்தக் கால்வலி தெரிந்திருக்குமா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வலி தெரியாதவன் வேண்டுதலும் செய்திருக்க மாட்டான். காலங்கடந்து கற்பவருக்குக் கிடைக்கும் பேறு இது: ஆடுகின்ற ஒவ்வொரு காலின் அருமையையும் தன் காலைக் கொண்டே அறிந்துகொள்கிறார். அதற்குப் பிறகு கோயிலில் நடராசர் முன் நிற்கும்போது, தூக்கிய திருவடியோடு ஊன்றிய திருவடியும் அவர் கண்ணில் படும்.

இன்னொரு நயமும் உண்டு. இதற்கு முந்தைய 23ஆம் படலம், விருத்த குமார பாலரான படலம். கௌரி என்ற அடியாளின் முன் இறைவன் முதியவனாக வந்து, குமரனாக மாறி, பின் குழந்தையாகக் கிடந்த திருவிளையாடல் அது. மூப்பும் இளமையும் அவன் எடுத்துப் போடும் வேடங்கள் என்று காட்டிய பின்பே, கால் மாறிய கதை வருகிறது.

முப்பது வயதில் ஒரு தொடக்கம்

புராணம் போகட்டும், நம் காலத்தில் யாரேனும் உண்டா என்று கேட்கலாம். அதே மதுரையில் 1904ஆம் ஆண்டு பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில் ஆடல் நிகழ்ச்சி ஒன்றைக் கண்டபின்பே அவர் மனம் சதிர் என்று வழங்கிய நம் மரபு ஆடலின்பால் முழுமையாகத் திரும்பியது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935இல் அடையாற்றில் தியசாபிகல் சொசைட்டியின் வைரவிழாவில் ஆடியபோது அவருக்கு வயது 31. மாதவி அரங்கேறிய வயதைப் போல இரண்டரை மடங்கு. அடுத்த ஆண்டே அவர் தொடங்கிய கலைக்கூடம்தான் கலாக்ஷேத்ரா.

தொடங்கும் வயது இப்படியென்றால், தொடரும் வயதுக்கு எல்லை உண்டா? 1940இல் சிறுமியாக வத்திக்கானில் போப்பாண்டவர் முன் ஆடிய வைஜயந்திமாலா, 2024இல் அயோத்தி இராமர் ஆலயத்தின் ராக சேவையில் தம் 90ஆம் வயதில் பரதம் ஆடினார். இளமையின் வேகத்தை அங்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கண்ணும் கையும் இராமனைத் தொழுத விதத்தைக் காணொளியில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வட்டத்தில் முன்வரிசை இல்லை

பரதத்தின் அரைமண்டி நம் முழங்கால்களுக்கு எளிதன்று. ஆனால் கொங்கு நாட்டில் நமக்கென்றே அமைந்தாற்போல ஓர் ஆடல் இருக்கிறது. அது வள்ளிக்கும்மி. மலைக்குறவர் மகளாகிய வள்ளியம்மையை முருகப் பெருமான் மணந்த வரலாற்றைப் பாட்டாகப் பாடி, கைதட்டி, அடிவைத்து, குழுவாக ஆடுவது. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் மாவட்டங்களில் அண்மைக் காலத்தில் இது புத்துயிர் பெற்றிருக்கிறது. ஆசிரியர் ஒருவர் ஊருக்கு வந்து மாலை நேரங்களில் கற்பிப்பார். பயிற்சி முடிந்ததும் கோயில் திடலில் ஒரே நிற உடையில் ஊரே அரங்கேறும். பேரப்பிள்ளையும் பாட்டியும் ஒரே நாளில் அரங்கேற்றம் காணும் ஆடல் இது.

வள்ளி ஒயில் கும்மியில் முன்பு ஆண்களே ஆடிவந்தனர். அதில் பெண்களையும் பயிற்றுவித்து ஆடவைத்த பெருமைக்குரியவர் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன். அவருக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது வயது 87.

கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இத்தகைய பயிற்சியைச் சில மாலைகள் அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அறுபத்தைந்து கடந்த ஓர் அம்மையார், முதல் இரண்டு நாளும் திடலின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். கணவர் மறைந்த பின் ஊர்த் திருவிழாக்களில் முன்னே வந்து நிற்பதில்லை என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டவர். "ஊர் என்ன பேசும்?" என்பது அவர் தயக்கம். மூன்றாம் நாள் ஆசிரியரான இளைஞர், "வாங்கம்மா, வட்டத்துல முன்னாடி பின்னாடின்னு ஒண்ணு இல்லீங்க" என்று அழைத்தார். "கால் தப்பினா சிரிக்கக் கூடாதுங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே அவர் வட்டத்துக்குள் வந்தார். பக்கத்தில் நின்ற பேத்தி, "அப்பத்தா, மொதல்ல வலது காலுங்க" என்று மெல்லச் சொல்லிக்கொடுத்தாள். சில வாரங்கள் சென்று, வள்ளியின் திருமணப் பகுதிக்கு அடிவைக்கும்போது அந்த முகத்தில் நான் கண்ட மலர்ச்சியை எழுத்தில் கொண்டுவர இயலாது. பலர் கூடி ஆடும் வட்டம், ஒதுங்கி நின்ற ஒருவரை மீண்டும் ஊருக்குள் அழைத்துக்கொண்டது.

முதுமையில் முன்னேறும் வழி

கற்கத் தொடங்குவது ஒன்று. நாளடைவில் மேம்படுவது மற்றொன்று. அதற்கு ஒழுங்கு வேண்டும். வங்கியில் பல்லாண்டு பணியாற்றியவன் என்ற முறையில் ஓர் உவமை சொல்லத் தோன்றுகிறது. மாதந்தோறும் சிறு தொகை செலுத்தும் தொடர்வைப்புக் கணக்கு, நமக்குத் தெரியாமலே வளர்ந்து நிற்கும். ஆடற்பயிற்சியும் அவ்வாறே. வாரம் ஒருநாள் மூன்று மணி நேரம் ஆடிக் களைப்பதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் பயில்வது நம் உடலுக்கு ஏற்றது.

முதலில் தாளம். நாற்காலியில் அமர்ந்தபடியே 'தகிட' என்று மூன்றும், 'தகதிமி' என்று நான்கும் கையால் தட்டிப் பழகலாம். கை அறிந்ததைக் கால் விரைவில் பற்றிக்கொள்ளும். அடுத்து, அமர்ந்தவாறே பாதத்தால் அந்தத் தாளத்தைத் தட்டுதல். மூன்றாவதாக, சுவரையோ தூணையோ ஒரு கையால் பற்றி நின்று அடிவைத்தல். எதையும் முதலில் மெதுவாக, விளம்ப காலத்தில் செய்து, தடுமாற்றம் நீங்கிய பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். குதிப்பதும் சட்டெனச் சுழல்வதும் நமக்கு வேண்டாம். சமமான, உலர்ந்த தரையே நல்லது. நீர் தெளித்த கருங்கல் பிராகாரத்தில் ஆடலாகாது. இதய நோயோ, மூட்டு அறுவை சிகிச்சையோ, தலைச்சுற்றலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவதே முறை.

இதன் பயன் மனத்தோடு நிற்பதில்லை. முதியோரைப் பெரிதும் முடக்குவது கீழே விழுதல். அதைத் தவிர்க்க, உடல் சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சிகளை வாரத்தில் 3 நாட்களேனும் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் 2020இல் முதியோருக்குப் பரிந்துரைத்தது. நியூயார்க்கில் 75 வயது கடந்த 469 பேரை ஆராய்ந்து 2003இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று, உடலுழைப்புச் செயல்களுள் நடனம் ஒன்றே மறதி நோய் குறைவாக வருவதோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது என்கிறது. நடனம்தான் நோயைத் தடுத்தது என்று இதைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. ஆயினும் காரணத்தை ஊகிக்கலாம்: பாட்டை நினைவு கொள்ள வேண்டும், தாளத்தை எண்ண வேண்டும், பக்கத்தில் ஆடுபவரைப் பார்க்க வேண்டும், காலையும் வைக்க வேண்டும். ஒரே வேளையில் இத்தனையும் கேட்கும் பயிற்சிகள் மிகச் சில.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, முதுமையில்தான் கனியும் ஒன்று ஆடலில் உண்டு. அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆஹாரியம், சாத்துவிகம் என நான்காக வகுப்பர். உடலால் காட்டும் ஆங்கிகம் இளமையின் உடைமை. உள்ளத்து உணர்வு மெய்யில் தோன்றும் சாத்துவிகமோ வாழ்ந்து அறிந்தவர்க்கே எளிதில் வரும். கண்ணனைத் தேடி அலையும் யசோதையைப் பன்னிரண்டு வயதுப் பெண் கற்றுக்கொண்டு காட்டுவாள். பிள்ளைகளை வளர்த்து, வெளியூர்களுக்கு அனுப்பிவிட்டு, வாசலைப் பார்த்திருக்கும் தாய்க்கு அதைக் கற்பிக்க வேண்டியதில்லை. கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தெருவைப் பார்த்தாலே போதும்.

நிற்க இயலாதவர்க்கு

எழுந்து நிற்கவே இயலாத அன்பர்கள் இதைப் படித்து வருந்த வேண்டா. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் பெருமானின் சிற்பத்தைக் காணுங்கள். அவன் திருவடியின் அருகே, மெலிந்து வற்றிய உடலோடு காரைக்கால் அம்மையார் அமர்ந்து, கையில் தாளம் ஏந்தியிருக்கிறார். இளமையும் அழகும் வேண்டாம் என்று பேயுருவை வேண்டிப் பெற்றவர், திருவாலங்காட்டில் ஐயனின் ஆடலை அருகிருந்து கண்டார். ஆடுபவனின் காலடியில் அமர்ந்து தாளம் தட்டுவதும் ஆடலில் பங்குகொள்வதே.

ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாட்களில் வல்வில் ஓரி விழாவுக்காகக் கொல்லிமலையில் மக்கள் திரள்கின்றனர். கிராமியக் கலைஞர்கள் செம்மேட்டில் ஆடுகின்றனர். அடுத்த முறை செல்லும்போது, ஓரமாக நாற்காலி தேடி அமரும் முன், ஒருகணம் அந்தத் தாளத்துக்குக் கையையேனும் தட்டிப் பாருங்கள். ஊர்க் கோயிலில் கும்மிப் பயிற்சி தொடங்கினால், பேத்தியை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாமல் நீங்களும் உடன் செல்லுங்கள். கால் வலித்தால், அந்த வலியோடு ஒருமுறை நடராசர் சன்னிதியில் நின்று அவன் ஊன்றிய திருவடியைப் பாருங்கள். பாண்டியனுக்காகக் கால் மாற்றிய பெருமான், நம் தடுமாறும் அடிகளுக்கும் துணை நிற்பான்.