வேட்பாளர் தகுதியும் அதன் ஆராய்ச்சியும்

பொதுக் காரியம் பார்ப்போர்க்கு இன்ன இன்ன தகுதிகள் வேண்டும் என விதி வகுத்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. உத்தரமேரூரில் உள்ள முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியன. அவை, அவ்வூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடைமை, சொந்த மனையில் வீடு, கல்வி, வயது ஆகியன தகுதிகளாகக் கூறப்பட்டன. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். அஃது அந்தணர் ஊர் ஒன்றின் சபையார் மட்டும் செய்துகொண்ட ஏற்பாடு. குடிகள் யாவர்க்கும் உரிய தேர்தலன்று. ஆயினும், தகுதியை முன்னரே எழுதி வைத்தல் வேண்டும் என்னும் கருத்து அதன்கண் தெளிவாக விளங்குகின்றது.

நிற்க. விதியை எழுதுதல் எளிது. ஒருவர் அவ்விதிக்குப் பொருந்துவாரா என்ற ஐயம் எழுந்தால், அதனை யார் தீர்ப்பது, எப்பொழுது தீர்ப்பது என்பனவே அரிய வினாக்கள். இன்றைய இந்தியத் தேர்தற் சட்டம் இவற்றிற்கு எவ்வாறு விடை கூறுகின்றது என்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

சட்டமன்றத்திற்கோ மக்களவைக்கோ போட்டியிடுபவர் இந்தியக் குடிமகனாகவும், 25 வயது நிறைந்தவராகவும், வாக்காளர் பட்டியலில் பெயருடையவராகவும் இருத்தல் வேண்டும். அரசாங்கத்தின்கீழ் ஊதியம் தரும் பதவி வகித்தல், கடன் தீராத நொடிப்பு நிலை, சித்த சுவாதீனம் இல்லாதவரென நீதிமன்றத்தால் முடிவு செய்யப்படுதல் முதலியன தகுதியைக் கெடுப்பன. குற்றத்திற்காக இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர், தண்டனை பெற்ற நாள் முதல், விடுதலையான பின் ஆறாண்டு கழியும் வரை போட்டியிட இயலாது.

வேட்புமனு அளிக்கும் காலம் முடிந்ததும் மனுப் பரிசீலனை நடைபெறும். இதனை நடத்துபவர் அத்தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலர். வேட்பாளரும், அவருடைய தேர்தல் முகவரும், முன்மொழிந்தவர் ஒருவரும், எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற வேறொருவரும் அங்கே இருக்கலாம். ஒருவர் மனுவைக் குறித்து மற்றொருவர் ஆட்சேபம் எழுப்பலாம். ஒருவரும் எழுப்பாவிடினும் அலுவலர் தாமே குறையைக் கண்டு விசாரிக்கலாம். ஆட்சேபிக்கப்பட்டவர் மறுமொழி கூற அவகாசம் வேண்டினால், இரண்டு நாளுக்கு மேற்படாமல் அதனை அளிக்கலாம்.

இவ்விசாரணை சுருக்கமானது, நீதிமன்ற வழக்கைப் போன்று நீள்வதன்று. ஆகலின் அலுவலர்க்குச் சில கட்டுப்பாடுகள் உள. சாரமற்ற சிறு பிழைக்காக மனுவைத் தள்ளுதல் கூடாது. தள்ளினால் அதற்குரிய காரணத்தைச் சுருக்கமாகவேனும் எழுதி வைத்தல் வேண்டும்.

இனி, அலுவலரே தவறாகத் தள்ளிவிட்டால் அவ்வேட்பாளர் செய்யத்தக்கது யாது? உடனே உயர்நீதிமன்றத்தை அடையலாம் அன்றோ எனத் தோன்றும். இவ்வினா முதற் பொதுத் தேர்தலிலேயே எழுந்தது; அதுவும் நம் தமிழகத்தில் எழுந்தது. 1951ஆம் ஆண்டின் இறுதியில், அக்காலத்துச் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த நாமக்கல் தொகுதியில், பொன்னுசாமி என்பாருடைய மனு தள்ளப்பட்டது. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தார். அங்கே வெற்றி பெறாமல் உச்சநீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்தார். தேர்தலைப் பற்றிய வழக்கைத் தேர்தல் மனு வாயிலாகவன்றி வேறெவ்வாற்றானும் எழுப்பலாகாது என்பது அரசியலமைப்பின் 329ஆம் உறுப்பு. மனுப் பரிசீலனை தேர்தலுக்கு முற்பட்ட செயலாகலின் அத்தடை தம்மைப் பற்றாது என்பது அவர்தம் வாதம்.

வழக்கு முழுதும் ‘தேர்தல்’ என்னும் ஒரு சொல்லின் பொருளைப் பற்றியே நின்றது. வாக்களிக்கும் நாள் மட்டுமா தேர்தல்? அன்றென்றது உச்சநீதிமன்றம். 1952 ஜனவரி 21ஆம் நாள் அளித்த தீர்ப்பில், அறிவிப்பு வெளியாவது தொடங்கி முடிவு அறிவிக்கப்படும் வரை நிகழ்வன யாவும் அச்சொல்லுள் அடங்கும் என்று அது பொருள் கண்டது. தள்ளுண்ட மனுவொன்றிற்காகத் தேர்தலை இடையில் நிறுத்தலாகாது. முறையீடு யாதாயினும் முடிவு வந்த பின்னரே கேட்கப்படும் என்பது அதன் பயன். தொகுதிதோறும் இடையீட்டு வழக்குகள் பெருகினால் குறித்த நாளில் தேர்தல் நடைபெறுவதும், சட்டமன்றம் கூடுவதும் அரிதாகும் அன்றோ?

அங்ஙனமாயின், அநீதியாகத் தள்ளப்பட்டவர் கைகட்டி நிற்பதோ? அன்று. தேர்தல் முடிந்த 45 நாட்களுள், அத்தேர்தலின் வேட்பாளரோ வாக்காளரோ உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு அளிக்கலாம். 1966ஆம் ஆண்டு வரை இதற்கெனத் தனித் தேர்தல் நடுவர் மன்றங்கள் இருந்தன. அவ்வாண்டுத் திருத்தத்தால் உயர்நீதிமன்றங்களே அவ்வேலையை ஏற்றன. தீர்ப்பில் மனநிறைவு எய்தாதவர் 30 நாட்களுள் உச்சநீதிமன்றத்திற்குச் செல்லலாம்.

இங்கே சட்டத்தின் நுட்பம் ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. தவறாகத் தள்ளப்பட்ட மனு ஒன்றேனும் உண்டென நிறுவப்பட்டால், வேறொன்றும் காட்ட வேண்டாமல், அத்தேர்தல் செல்லாததாகும். தவறாக ஏற்கப்பட்ட மனுவெனின், அதனால் முடிவே மாறிற்று எனக் காட்டுதல் வேண்டும். இவ்வேறுபாடு எதனாலெனின் கூறுதும். களத்திற்கே வராதவர்க்கு எத்தனை பேர் வாக்களித்திருப்பர் என்பதை அளக்கக் கருவி இல்லை. அவரை விரும்பியோரின் வாய்ப்பே பறிக்கப்பட்டது. தகுதியின்றிப் போட்டியிட்டவரோ எண்ணத்தக்க வாக்குகளைப் பெற்றுள்ளார். அவர் பெற்றவை 500. வென்றவர்க்கும் அடுத்தவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு 5,000 எனக் கொள்வோம். அந்த 500 வாக்கும் எப்பக்கம் சாய்ந்திருந்தாலும் முடிவு மாறாது. வேறுபாடு குறைவாயின் வழக்கு அரிதாகும். ஆண்டும் ஊகம் போதாது, சான்று வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1954இல் வரையறுத்தது. வென்றவரே தகுதியற்றவராயின் இக்கணக்கு வேண்டா. அவர் வெற்றி செல்லாது.

வென்று பதவியேற்ற பின்னர்த் தகுதியிழந்தாரா என்னும் வினா எழுவதும் உண்டு. சட்டமன்ற உறுப்பினராயின் ஆளுநரும், பாராளுமன்ற உறுப்பினராயின் குடியரசுத் தலைவரும் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, அதன்படி முடிவு செய்வர்.

இம்முறையில் குறை இல்லையென்று கூறுவதற்கில்லை. தேர்தல் மனுவை ஆறு திங்களுள் முடிக்க முயலுதல் வேண்டும் எனச் சட்டம் விதித்திருப்பினும், ஆண்டுகள் பல கடந்த வழக்குகளும் உள. ஐந்தாண்டுப் பதவி முடிந்த பின் வரும் தீர்ப்பு, வென்றவர்க்கும் பயனின்று, தோற்றவர்க்கும் பயனின்று. தேர்தலை நிறுத்தாமைக்காகத் தனியொருவர் பொறுத்திருத்தல் வேண்டும் என்பது நேரிய கொள்கையே. ஆயின், அவரைப் பொறுக்கச் சொன்ன சட்டம் அவர் வழக்கை விரைந்து முடிக்கவும் கடமைப்பட்டது. விசாரணை நீளுந்தோறும் அக்கொள்கையின் நேர்மை குறைகின்றது.

வாக்குரிமை வயது 1989 முதல் 18 ஆயிற்று. ஆகவே நம் கல்லூரி மாணவருள் மிகப் பலர் இன்று வாக்காளர். தேர்தல் மனு அளிக்கும் உரிமையும் அவர்க்கு உண்டு. வாக்குச்சாவடிக்குச் செல்வதோடு நம் கடமை முடிந்ததெனக் கருதாது, போட்டியிடுவோர் எவ்வாறு ஆராயப்படுகின்றனர் என்பதையும் அறிந்து வைத்தல் நமக்கு இன்றியமையாததாகும்.