நுண்கணிதம் கற்க ஏஐ: எப்போது உதவும், எப்போது கெடுக்கும்?

மழைக்காலத்தில் ராமநதி, கடனாநதி அணைகளின் நீர்மட்டம் அடியிலும், நீர்வரத்து கனஅடியிலும் செய்தித்தாளில் வரும். கடையம் வட்டார பிளஸ் டூ மாணவருக்கு நுண்கணிதம் அந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. 84 அடி உயர ராமநதி அணைக்கு விநாடிக்கு 100 கனஅடி நீர் வருகிறது, நீர்ப்பரப்பு 5 லட்சம் சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். நீர் திறக்கப்படாவிட்டால் மட்டம் மணிக்கு 0.72 அடி வீதம் உயரும். மேலே போகப்போகப் பள்ளம் விரியும். பரப்பு 10 லட்சம் ஆனால், அதே வரத்துக்கு அந்த வேகம் பாதியாகிவிடும். இக்கணக்கைச் சாட்ஜிபிடி போன்ற கருவியிடம் கொடுத்தால் படிகளோடு விடை நொடியில் வந்துவிடும். ஆனால் எது மாறுகிறது, எதைப் பொறுத்து மாறுகிறது, எதை மாறிலியாகக் கொள்ளலாம் என்று முடிவு செய்வதில்தான் நுண்கணிதம் இருக்கிறது. வகையிடுவது அதன் பிறகு வரும் கைவேலை. அந்த முடிவை மாணவர் எடுக்கும் முன்பே கருவி வாய்திறந்தால் படிப்பு அங்கேயே நின்றுவிடும்.

இது வெறும் ஊகமன்று. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனை 2025இல் ஆய்விதழில் வெளியானது. ஜிபிடி-4 என்ற ஏஐ மாதிரியைத் தடையின்றிப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் கருவியே இல்லாதவர்களைவிட 48 சதவீதம் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும் கருவியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. அந்தச் சோதனையில் இருந்தது பொதுவான பள்ளிக் கணிதம், நுண்கணிதம் அல்ல என்று மறுக்கலாம். ஆனால் ஒரு படி அடுத்த படியைத் தாங்கும் பாடத்தில், இரவல் படிகளின் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

டியூஷனுக்கு வழியில்லாத கிராமத்து மாணவருக்கு இரவு பத்து மணிக்கும் விளக்கம் தரும் ஒரே துணை இந்தக் கருவிதானே என்ற கேள்வி நியாயமானது. ஆகவே தடை விதிப்பது தீர்வாகாது. ஆனால் தவறைச் சுட்டிக்காட்ட அருகில் ஆளில்லாத மாணவரையே தவறான விடையும் எளிதில் ஏமாற்றும். இக்கருவிகளை இயக்கும் மொழி மாதிரிகள் குறியைப் பிழையாகப் போட்டாலும் அதே உறுதியோடுதான் பேசும். படம் வரைந்து, சமன்பாட்டை எழுதி, முட்டிய இடத்தைக் குறித்த பிறகே கருவியிடம் போவது, "விடை வேண்டாம், என் பிழை எந்தப் படியில்?" என்று கேட்பது, கிடைத்த வகைக்கெழுவை ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் வரைந்து சரிபார்ப்பது ஆகியவற்றை ஆசிரியர் வகுப்பிலேயே பழக்க வேண்டும். வீட்டுப்பாடத்திலும் விடைக்குப் பதில் காரணத்துக்கு மதிப்பெண் தர வேண்டும். தேர்வறையில் கைப்பேசி இருக்காது; அங்கே துணைக்கு வருவது மாணவர் தானே எடுத்துப் பழகிய முடிவுகள்தான்.