தூண்டில் நரம்பு என்ன கலர்ல வாங்கணும்? மீனுக்கு அது தெரியுமா, தெரியாதா?

முதல் தடவை தூண்டில் கடைக்குப் போறீங்க. ராடு, ரீல் எல்லாம் ஒரு வழியா முடிவு பண்ணியாச்சு. அடுத்து நரம்பு. கடைக்காரர் எடுத்துப் போடுறார்... கண்ணாடி மாதிரி ஒண்ணு, பாசிப் பச்சையில ஒண்ணு, நீலம், சிவப்பு, கண்ணைப் பறிக்கிற மஞ்சள், பத்து மீட்டருக்கு ஒரு கலர் மாறுற வானவில் நரம்பு வேற! மொபைலை எடுத்து நாலு வீடியோ பார்த்தா, நாலு பேரும் நாலு விதமா சொல்றாங்க. 'மஞ்சள் போட்டா மீனே வராது'னு ஒருத்தர். 'சிவப்பு தண்ணிக்குள்ள மறைஞ்சிடும்'னு இன்னொருத்தர்.

அதே நேரம், கழிமுகப் பாலத்துல பழைய பிளாஸ்டிக் பாட்டில்ல சாயம் போன நரம்பைச் சுத்தி வெச்சுக்கிட்டு, வரிசையா மீன் தூக்குற பெரியவரையும் நீங்க பார்த்திருப்பீங்க. அப்போ கலர்ங்கிறது முக்கியமா, இல்லையா? காசைக் கொடுக்குறதுக்கு முன்னாடி விஷயத்தைத் தெரிஞ்சுக்கலாம் வாங்க.

மீனுக்குக் கலர் தெரியுமா?

நிறைய மீன்களுக்குத் தெரியும். ஆனா, நம்ம கண்ணுக்குத் தெரியிற மாதிரியே தெரியணும்னு அவசியம் இல்ல. அமெரிக்காவில் தூண்டில்காரர்கள் அதிகம் தேடிப் பிடிக்கும் லார்ஜ்மவுத் பாஸ் மீனை வைத்து, இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனை 2019-ல் வெளியானது. அந்த மீன் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிந்தது. ஆனால், பளிச் மஞ்சளையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டது. கருநீலத்தையும் கறுப்பையும்கூட அதனால் பிரிக்க முடியவில்லை. நமக்கு 'ஐயோ, இவ்வளவு பளிச்சுனு இருக்கே'னு தோணுற மஞ்சள், அதுக்கு வெறும் வெள்ளை மாதிரி தெரியலாம்.

நம்ம ஊர் கெளுத்தி கதையே வேற. மீசையிலயும் உடம்புத் தோல்லயும் சுவை அறியும் மொட்டுகள் இருக்கும் மீன் அது. கலங்கல் தண்ணியில ராத்திரி நேரத்துல வாசனையையும் சுவையையும் வெச்சு இரையைத் தேடி வரும். அதுக்காக நீங்க நரம்பு கலரைப் பத்தி யோசிக்கிறது, கண்ணை மூடிட்டு சாப்பிடுறவருக்கு டிசைன் தட்டு தேடுற மாதிரிதான்.

சிவப்பு மறையுமா?

இதுல பாதி உண்மை இருக்கு. தெளிந்த கடல் நீரில் ஆழம் போகப் போக முதலில் காணாமல் போவது சிவப்பு ஒளி. சில மீட்டர் ஆழத்திலேயே பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். நீலம்தான் கடைசி வரை போகும். அதனால், ஆழத்தில் சிவப்பு நரம்பு சிவப்பாகத் தெரியாது.

ஆனா, 'சிவப்பா தெரியாது'ங்கிறதும் 'தெரியவே தெரியாது'ங்கிறதும் ஒண்ணு இல்ல. அந்த நரம்பு கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கோடாக அங்கேயேதான் இருக்கும். இன்னொரு விஷயம், ஏரி, குளம், மழைக்காலக் கழிமுகம் மாதிரி மண்ணும் மக்கிய இலைச்சாறும் கலந்த தண்ணீரில் கணக்கு தலைகீழ். அங்கே முதலில் அடிபடுவது நீல ஒளி. நீங்கள் தூண்டில் போடுவது இடுப்பளவு குளத்தில் என்றால், சிவப்பு மறைவதற்கு அங்கே ஆழமும் கிடையாது.

கண்ணாடி நரம்பு மட்டும் மறையுமா?

நல்ல தெளிவான ஐஸ் கட்டியைத் தண்ணியில போட்டுப் பாருங்க. இருக்கிற இடமே சரியா தெரியாது. காரணம், ஒளி வளையும் அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. இதைத்தான் ஒளிவிலகல் எண் என்கிறோம். தண்ணீருக்கு 1.33. சாதாரண நைலான் நரம்புக்கு சுமார் 1.53. ஃப்ளூரோகார்பன் நரம்புக்கு 1.42. அதாவது, ஃப்ளூரோகார்பன் தண்ணீருக்குக் கொஞ்சம் நெருக்கம், அவ்வளவுதான். நைலானைவிடக் குறைவாகத் தெரியும், முழுசாக மறையாது. விலை மட்டும் நைலானைவிடப் பல மடங்கு.

அப்போ பிரெய்டு? பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்வது அது. ஒளி ஊடுருவாது, எந்தக் கலராக இருந்தாலும் தெரியும். ஆனால், அதே எடையைத் தாங்கும் நைலானோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதித் தடிமன்தான் இருக்கும். மீன் கண்ணில் படுவதைக் குறைக்க, கலரைவிட இந்த மெல்லிசுதான் அதிகம் உதவும்.

மொட்டை மாடியில ஒரு டெஸ்ட்

இதை நம்பணும்னு இல்ல, நீங்களே பார்த்துடலாம். பச்சை, மஞ்சள், நீலம்னு ரெண்டு மூணு துண்டு நரம்பை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போங்க. வெளிச்சமான வானத்துக்கு எதிரே கைநீட்டிப் பிடிச்சு, கீழேயிருந்து பாருங்க. சூரியனை மட்டும் நேரா பார்க்காதீங்க. எல்லாமே கறுப்புக் கோடு மாதிரிதான் தெரியும். கலர் வித்தியாசம் கண்டுபிடிக்கவே கஷ்டமா இருக்கும்.

கீழேயிருந்து மேலே பார்க்கும் மீனுக்கும் இதே நிலைமைதான். மேலே வெளிச்சமான வானம், நடுவில் நிழலாக ஒரு கோடு. வெள்ளை வாங்கினாலும் பச்சை வாங்கினாலும் அந்த நிழல் விழத்தான் செய்யும். பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் கலர் கொஞ்சம் கணக்கில் வரும். அங்கே, சுற்றியிருக்கும் தண்ணீரோடு ஒத்துப்போகும் மங்கலான பச்சை, சாம்பல் நிறங்கள் பரவாயில்லை.

மீன் பயப்படுறது எதுக்கு?

கொஞ்சம் யோசிங்க. வஞ்சிரமும் சீலாவும் நரம்பைப் பல்லால் அறுத்துடும்னு, முள்ளுக்கு மேலே எஃகுக் கம்பி கட்டித்தான் போடுறோம். பளபளக்கிற கம்பியைத் தாண்டி வந்து அவை கடிக்கின்றன. வேகமா ஓடுற இரையைப் பார்த்ததும் பாயுற மீனுக்கு நின்னு ஆராய நேரம் கிடையாது.

விராலும் அப்படித்தான். தாமரை இலை மேல ரப்பர் தவளையைத் தத்தித் தத்தி இழுக்கும்போது, நரம்பு பெரும்பாலும் இலை மேலதான் கிடக்கும். அங்கே பாசியையும் தண்டையும் அறுத்துக்கிட்டு வர்ற தடிமனான பிரெய்டுதான் முக்கியம், கலர் பேச்சுக்கே இடமில்லை.

ஆனா, நின்ன தண்ணி, தெளிவான தண்ணி, நிதானமா முகர்ந்து பார்த்துக் கடிக்கிற மீன்... இந்த மூணும் சேர்ந்தா நரம்பு தெரியிறது பிரச்னைதான். நீலகிரியில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட ட்ரவுட் இதற்கு நல்ல உதாரணம். (அதைப் பிடிக்க மீன்வளத் துறை அனுமதி வேணும், மறக்காதீங்க.) அங்கேயும் முதல் வைத்தியம் மெல்லிய நரம்புதான். தடித்த நரம்பு இரையை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும். இயல்பாக மிதந்துவராத இரையைப் பார்த்துத்தான் மீன் சந்தேகப்படும்.

கலர் யாருக்கு? உங்களுக்குத்தான்!

கடையில அடுக்கி வெச்சிருக்கிற அத்தனை கலரும் மீனைவிட உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

* பளிச் மஞ்சள், ஆரஞ்சு: முள் இறங்கிட்டிருக்கும்போதே மீன் கவ்வினால், கைக்குத் தெரியுறதுக்கு முன்னாடி நரம்பு லேசாத் துள்ளும், இல்லைன்னா பக்கவாட்டில் நகரும். அதைக் கண்ணால் பிடிக்க இந்தக் கலர்தான் வேணும். கூட்டமான பாலத்துல, அந்தி நேரத்துல யார் நரம்பு எங்கே போகுதுனு தெரியிறதால சிக்கலும் குறையும்.

* வானவில் பிரெய்டு: படகுல போய் ஆழத்துல ஜிக் இறக்குறவங்களுக்கு. பெரும்பாலும் 10 மீட்டருக்கு ஒரு கலர். நாலு கலர் போயிருந்தா 40 மீட்டர். கரையில் நின்னு போடுறவங்களுக்கு இது தேவையில்லாத செலவு.

* பாசிப் பச்சை, சாம்பல்: குளம், ஏரி, கழிமுகம்னு எல்லாத்துக்கும் ஒத்துவரும். 'ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்'னா இதை வாங்குங்க.

* கண்ணாடி நைலான்: தக்கை கட்டி மண்புழு, மைதா உருண்டை போடுற ஆரம்பக்காரர்களுக்குப் போதும். விலையும் குறைவு, முடிச்சுப் போடவும் சுலபம்.

ரெண்டும் வேணும்னா?

வழி இருக்கு. ரீல் முழுக்க உங்க கண்ணுக்குத் தெரியுற மஞ்சள் பிரெய்டு. கடைசி ஒண்ணு, ஒன்றரை மீட்டருக்கு மட்டும் கண்ணாடி நைலானோ ஃப்ளூரோகார்பனோ. இதுக்குப் பேர் லீடர். மீன் பக்கத்தில் வந்து பார்க்கப்போவது அந்தத் துண்டைத்தான். விலை அதிகமான நரம்பைச் சுருள் முழுக்கச் சுத்த வேண்டிய அவசியமும் இல்லை.

லீடருக்கு இன்னொரு பெரிய வேலை இருக்கு. கொடுவா மீனோட செவுள் ஓரம் கத்தி மாதிரி. மெல்லிய பிரெய்டு அதில் உரசினால் பட்டுனு அறுந்துடும். பாறை, சிப்பி ஒட்டிய பாலத்தூண் எல்லாத்துக்கும் இதே கதைதான். தடிமனான லீடர் அந்த உரசலைத் தாங்கும். 'கலர் தப்பா வாங்கிட்டேன், அதான் மீன் போச்சு'னு புலம்புற பல பேருக்கு உண்மையில் போனது லீடரும் முடிச்சும்தான். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலோ தண்ணியோ தொட்டு ஈரமாக்குங்க. வறண்டு இறுகினால் சூடேறி அந்த இடமே பலமிழந்துவிடும்.

பழைய நைலான் மேலயும் ஒரு கண் இருக்கட்டும். வெயிலில் கிடந்து சொரசொரப்பா, சுருள் சுருளா ஆகிட்டா மாத்திடுங்க. பிரெய்டுல சாயம் மட்டும் வெளுத்திருந்தா பயப்பட வேண்டாம். இழை பிரிஞ்சு பஞ்சு மாதிரி ஆனால்தான் மாத்தணும்.

தெரியாத நரம்பு, தெரியாமல் கொல்லும்

மீனுக்குத் தெரியக் கூடாதுனு நாம தேடித் தேடி வாங்குற அதே நரம்பு, அறுந்து கிடக்கும்போது கொக்குக்கும் தெரியாது, கடல் ஆமைக்கும் தெரியாது. காலில் சுற்றிக்கொண்ட பறவையால் அதை அவிழ்க்க முடியாது. இழுக்க இழுக்க இறுகும். நைலான் லேசில் மக்கவும் மக்காது. நீங்க மறந்தே போன ஒரு ஞாயிற்றுக்கிழமையோட நரம்பு, நீங்க கிழவரான பிறகும் அங்கேயே கிடக்கும்.

அதனால, தூண்டில் பையில ஒரு காலி வாட்டர் பாட்டில் வெச்சுக்கோங்க. வெட்டின துண்டு, சிக்கல் விழுந்த நரம்பு எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவாங்க. கரையில யாரோ விட்டுப்போன நரம்பு கண்ணில் பட்டா, அதையும் சேர்த்துக்கோங்க.

அடுத்த முறை கடைக்காரர் 'என்ன கலர் வேணும்?'னு கேட்டா, பதிலுக்கு முன்னாடி உங்களையே மூணு கேள்வி கேளுங்க. எந்தத் தண்ணி, எந்த மீன், எதுல உரசும்? இதுக்குப் பதில் கிடைச்சா தடிமனும் லீடரும் முடிவாகிடும். கலரை உங்க கண்ணுக்குப் பிடிச்ச மாதிரி வாங்கிக்கலாம்.

மிச்சக் காசுக்கு நல்ல முள் வாங்குங்க பாஸ். பாலத்துப் பெரியவர்கிட்ட கேட்டாலும் அதைத்தான் சொல்வார்!