ரேஞ்ச்பைண்டர் கேமராவுக்குச் சின்ன லென்ஸ்: குறைந்த செலவில் எதை வாங்கலாம்?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலரும் ஆசையாகச் செய்யும் வேலைகளில் ஒன்று, வீட்டில் கிடக்கும் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் சேர்ப்பது. அந்த வேலையில் இறங்கியவர்களில் சிலருக்கு பிலிம் மீதே மறுபடியும் ஆசை வந்துவிடுகிறது. பரணிலிருந்து அப்பாவின் கேமராவை இறக்குகிறார்கள். இல்லையென்றால் யாரோ விற்ற ரேஞ்ச்பைண்டர் கேமரா ஒன்றை லென்ஸ் இல்லாமல் பாடியை மட்டும் வாங்கிவிடுகிறார்கள். அடுத்து என்ன லென்ஸ் வாங்குவது? இன்டர்நெட்டில் தேடினால் முதலில் கண்ணில் படுவது லைகாவின் 35 எம்எம் சம்மிக்ரான். புதியது 3,000 டாலருக்கு மேல். பார்த்தவுடன் பிரவுசரை மூடிவிடத் தோன்றும். மூட வேண்டாம். அதில் பத்தில் ஒரு பங்கு விலையில், அதைவிடச் சின்னதாக, நம் தேவைக்குப் போதுமான லென்ஸ்கள் இருக்கின்றன. ஆனால் வாங்குவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ரேஞ்ச்பைண்டர் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எஸ்எல்ஆர் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். உள்ளே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடும். ரேஞ்ச்பைண்டரில் அந்தக் கண்ணாடி கிடையாது. லென்ஸுக்கு மேலே தனியாக ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாகப் பார்க்கிறோம். ஜன்னலின் நடுவில் இரண்டு பிம்பங்கள் தெரியும். லென்ஸைத் திருப்பி அவை ஒன்றாகச் சேரும்படி செய்தால் போகஸ் சரி. ஆடும் கண்ணாடி இல்லாததால் லென்ஸின் பின்பக்கம் பிலிமுக்கு மிக அருகில் வரலாம். இதனால்தான் ரேஞ்ச்பைண்டர் லென்ஸ்களை, குறிப்பாக 35 எம்எம் போன்ற அகலக் கோண லென்ஸ்களை, இவ்வளவு சின்னதாகச் செய்ய முடிகிறது. சின்னதாக இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. லென்ஸ் பெரிதானால் அது ஜன்னலின் கீழ் மூலையை மறைத்துவிடும்.

திருகா, பூட்டா?

உங்கள் கேமராவில் லென்ஸ் எப்படி மாட்டப்படுகிறது என்று பாருங்கள். பழைய லைகா, சோவியத் யூனியனில் செய்த ஃபெட், ஜோர்க்கி, ஜப்பானின் கேனன் பி போன்றவற்றில் 39 எம்எம் அளவுள்ள திருகு மவுண்ட் இருக்கும். 1954-ல் வந்த லைகா எம்3 கேமராவில்தான் பயனெட் முறையிலான எம் மவுண்ட் அறிமுகமானது. லென்ஸை வைத்துக் கொஞ்சம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. மவுண்ட்டுக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் திருகு கேமராவில் 28.8 எம்எம், எம் கேமராவில் 27.8 எம்எம். சரியாக ஒரு எம்எம் வித்தியாசம். ஆகவே ஒரு எம்எம் கனமுள்ள வளையம் ஒன்றைப் போட்டால், திருகு லென்ஸ் எம் கேமராவில் ஒழுங்காக வேலை செய்யும், ரேஞ்ச்பைண்டர் உட்பட. தலைகீழாக நடக்காது. எம் லென்ஸைத் திருகு கேமராவில் மாட்டவே முடியாது. அவசரத்தில் இதைக் கவனிக்காமல் ஆர்டர் கொடுத்துவிட்டு முழிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஜன்னலில் எந்தக் கோடு தெரிகிறது?

எனக்குக் கேட்டால் எஃப் எண்ணைவிட, கண்ணாடித் தரத்தைவிட, இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது படத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோடுகள் தெரியும். எல்லாக் கேமராவிலும் எல்லா லென்ஸுக்கும் கோடு இருக்காது. லைகா எம்3-ல் 50, 90, 135 மட்டுமே, 35 கிடையாது. 1984-ல் வந்த எம்6-ல் 28, 35, 50, 75, 90, 135 என்று ஆறும் உண்டு. கேனன் பி-யில் 35, 50, 100. கொசினா நிறுவனத்தின் பெஸ்ஸா ஆர் கேமராவில் 35, 50, 75, 90. ஜோர்க்கி 4-ல் கோடே இல்லை. ஜன்னல் முழுவதும் 50-க்கானது.

கோடு இல்லாத லென்ஸை வாங்கினால் மேலே பொருத்தும் தனி வியூபைண்டர் ஒன்றும் வாங்க வேண்டியிருக்கும். அதன் விலை சில நேரம் லென்ஸில் பாதி. மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். எம்3 வைத்திருப்பவர் 50 எம்எம் பக்கம் போவதே புத்திசாலித்தனம்.

எஃப் எண் மயக்கம்

கம்ப்யூட்டர் வாங்கும்போது கடைக்காரர் கிகாஹெர்ட்ஸ் எண்ணைச் சொல்லி மயக்குவதைப் போல, லென்ஸ் உலகத்தில் மயக்கும் எண் எஃப் 1.4. எண் சிறிதாக ஆக, லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 2.5 லென்ஸைவிட எஃப் 1.4 லென்ஸ் சுமார் மூன்று மடங்கு வெளிச்சம் தரும். உண்மைதான். ஆனால் அதற்காகக் கொடுக்கும் பணம், எடை, அளவு எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள்.

நன்றாக விளக்கு எரியும் அறையில் 400 ஐஎஸ்ஓ பிலிமுடன் எஃப் 2.5 லென்ஸைப் பயன்படுத்தினால் ஷட்டர் வேகம் சுமார் 1/30 விநாடி வரும். ரேஞ்ச்பைண்டரில் கண்ணாடி ஆடும் அதிர்ச்சி இல்லாததால் கையை ஊன்றிப் பிடித்து இந்த வேகத்தில் படம் எடுத்துவிடலாம். ஓடியாடும் குழந்தையை எடுக்க முடியாது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் விற்பவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுக்கிறீர்கள். 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸை முழுதாகத் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் மூன்றரை சென்டிமீட்டர்தான். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையில் உள்ள தூரம் அவ்வளவு. 35 எம்எம் எஃப் 2.5 லென்ஸில் அதுவே 12 சென்டிமீட்டர். நம் கையில் இருப்பது நாற்பது ஐம்பது வருடப் பழைய கேமரா. அதன் ரேஞ்ச்பைண்டர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தப்பாகக் காட்டினால் எஃப் 1.4 லென்ஸில் படம் போயிற்று. எஃப் 2.5 லென்ஸில் அந்தத் தப்பு வெளியே தெரியாது. பழைய பாடி வைத்திருப்பவருக்குச் சின்ன லென்ஸ் ஒரு இன்சூரன்ஸ் மாதிரி.

வெளியில், வெயிலில் இன்னும் சுலபம். 35 எம்எம் லென்ஸில் எஃப் 8 வைத்து, போகஸை 5 மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. போகஸ் செய்யவே வேண்டாம். கேமராவைத் தூக்கினோமா, எடுத்தோமா என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

சரி, எதை வாங்கலாம்?

35 எம்எம் கோடு உள்ள கேமரா என்றால் என் சிபாரிசு வோய்க்ட்லெண்டர் கலர்-ஸ்கோபார் 35 எம்எம் எஃப் 2.5. வோய்க்ட்லெண்டர் என்பது 1756-ல் வியன்னாவில் தொடங்கிய பழம்பெரும் பெயர். 1999 முதல் ஜப்பானின் கொசினா நிறுவனம் அந்தப் பெயரில் ரேஞ்ச்பைண்டர் கேமராக்களையும் லென்ஸ்களையும் செய்யத் தொடங்கியது. கேமராக்கள் நின்றுவிட்டன, லென்ஸ்கள் தொடர்ந்து வருகின்றன. இந்த எஃப் 2.5 லென்ஸ் முதலில் திருகு மவுண்ட்டிலும் பிறகு எம் மவுண்ட்டிலும் வந்தது. எம் மவுண்ட் வகையின் எடை 134 கிராம். கேமராவிலிருந்து 23 எம்எம் மட்டுமே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 39 எம்எம் பில்டர் போடலாம். பழைய வகைகளை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். எம் கேமராதான் என்றாலும் திருகு வகை மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். நாளைக்குத் திருகு கேமரா ஒன்று வந்து சேர்ந்தால் அதற்கும் ஆகும். வளையம் வாங்கும்போது மட்டும் 35-க்கான கோட்டைக் கொண்டுவரும் வளையமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது 1973-ல் வந்த லைகா சிஎல் கேமராவுக்காகச் செய்த 40 எம்எம் எஃப் 2 லென்ஸ். லைகா பெயரில் சம்மிக்ரான்-சி என்றும், மினோல்டா பெயரில் எம்-ரோக்கார் என்றும் கிடைக்கிறது. லைகா பெயர் இல்லாததைத் தேடினால் பெரும்பாலும் கொஞ்சம் பணம் மிச்சமாகும். மிகவும் சின்னது, படமும் அருமை. ஒரே தொல்லை, எம்6 போன்ற கேமராவில் மாட்டினால் 50-க்கான கோடு தெரியும். நீங்கள் பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிலிமில் விழும். பழகிவிட்டால் தொந்தரவில்லை. சம்மிக்ரான்-சியின் பில்டர் அளவு வழக்கத்தில் இல்லாதது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையில் 100 டாலர்கூட இல்லை என்பவர்களுக்கு சோவியத் லென்ஸ்கள். 50 எம்எம் எஃப் 2 ஜூபிடர்-8, உள்ளே மடங்கிக்கொள்ளும் 50 எம்எம் எஃப் 3.5 இண்டஸ்டார்-22 இரண்டும் நல்லவை. ஆனால் சோவியத் கேமராக்களின் போகஸ் அளவுகோலும் லைகா அளவுகோலும் இம்மி பிசகுகின்றன. ஜோர்க்கியில் ஒழுங்காக இருக்கும் லென்ஸ், லைகாவில் அருகில் உள்ள பொருளை முழுத் திறப்பில் எடுக்கும்போது தடுமாறலாம். எஃப் 5.6 வைத்தால் கவலையில்லை. 35 எம்எம் ஜூபிடர்-12 மலிவு என்று கை வைக்காதீர்கள். அதன் பின்பக்கக் கண்ணாடி குமிழ் போல உள்ளே நீண்டிருக்கும். உள்ளே மீட்டர் உள்ள சில கேமராக்களில் இடிக்கும். மடங்கும் லென்ஸையும் சிஎல் கேமராவில் மடக்கக் கூடாது. உள்ளே மீட்டரின் கை இருக்கிறது.

சீனாவிலிருந்து டிடிஆர்ட்டிசன் 28 எம்எம் எஃப் 5.6 என்று ஒரு குட்டி லென்ஸ் வந்திருக்கிறது. பார்க்க அழகு. வீட்டுக்குள் எஃப் 5.6-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை.

ஸ்கேன் செய்த பிறகு என்ன மிஞ்சும்?

இங்குதான் கம்ப்யூட்டர் வருகிறது. ஒரு பிலிம் பிரேமின் அளவு 36 x 24 எம்எம். இதை 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 3400 x 2270 பிக்சல், அதாவது 77 லட்சம் பிக்சல் கிடைக்கும். உங்கள் மானிட்டர் 1920 x 1080 என்றால் அது காட்டுவது 21 லட்சம் பிக்சல்தான். 2400 டிபிஐ என்றால் ஒரு எம்எம்முக்கு 94 பிக்சல். அதில் கறுப்பு, வெள்ளைக் கோடுகளை 47 ஜோடிக்கு மேல் பிரித்துக் காட்ட முடியாது. நடுப்பகுதியில் எஃப் 5.6 வைத்தால், மேலே சொன்ன லென்ஸ்களில் நல்ல நிலையில் உள்ள எதுவும் இதைத் தாண்டிவிடும். வீட்டு பிளாட்பெட் ஸ்கேனர்கள் பெட்டியில் போட்டிருக்கும் டிபிஐயை முழுதாகத் தருவதும் இல்லை. 3,000 டாலர் லென்ஸின் கூடுதல் நுணுக்கம் ஸ்கேனரின் வாசலிலேயே நின்றுவிடும்.

4000 டிபிஐ தரும் பிலிம் ஸ்கேனரில் செய்தால் 2.1 கோடி பிக்சல். ஒரு டிஃப் பைல் 60 எம்பிக்கு மேல். 36 படங்கள் 2 ஜிபியைத் தாண்டும். லென்ஸில் மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல ஸ்கேனுக்கும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒதுக்குங்கள்.

வாங்கியதும் சோதியுங்கள்

என் முதல் செகண்ட் ஹேண்ட் லென்ஸை ஏலத் தளம் ஒன்றில் வாங்கினேன். பார்க்கப் புதிது போல இருந்தது. உறவினர் வீட்டு வளைகாப்புக்கு எடுத்துப்போய் ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தால், அருகில் எடுத்த எல்லா முகத்திலும் காது தெளிவு, கண் மங்கல். ஜன்னலில் பிம்பம் சரியாகத்தான் சேர்ந்தது. தப்பு பிலிமில்தான் தெரிந்தது. அந்த வளைகாப்பை மறுபடி நடத்தச் சொல்ல முடியுமா?

ஆகவே முதல் ரோலை விசேஷத்துக்குக் கொண்டு போகாதீர்கள். மேஜை மேல் ஒரு நீள ஸ்கேலைச் சாய்வாக வையுங்கள். ஒரு மீட்டர் தள்ளி, கேமராவை அசையாமல் வைத்து, 15 சென்டிமீட்டர் கோட்டில் போகஸ் செய்து முழுத் திறப்பில் இரண்டு படம் எடுங்கள். பிறகு எஃப் 5.6-ல் ஒன்று. தூரத்துக் கோபுரமோ கட்டடமோ ஒன்று. ஸ்கேன் செய்து நூறு சதவீத ஜூமில் பாருங்கள். 15-ஆம் கோடு மங்கி 12 அல்லது 18 தெளிவாக இருந்தால் போகஸ் நகர்ந்திருக்கிறது. வேறொரு லென்ஸிலும் அதே பக்கம் நகர்ந்தால் குற்றம் கேமராவில். மெக்கானிக் சரி செய்துவிடுவார். டிஜிட்டல் மிரர்லெஸ் கேமராவில் மாட்டிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். அதில் லென்ஸ் வழியாகவே போகஸ் ஆவதால் ரேஞ்ச்பைண்டர் தப்பு தெரியவே தெரியாது.

கண்ணாடிக்குள் செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று தூசி இருந்தால் பரவாயில்லை. பனிமூட்டம் போல வெளிறிய படலமோ, சிலந்தி வலை போன்ற பூஞ்சையோ தெரிந்தால் வேண்டாம். கடலோர ஊர்களில் பூஞ்சை சீக்கிரம் பரவும். ஜப்பானில் 1950களில் செய்த அருமையான கேனன் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ்கள் பலவற்றில் அந்தப் படலம் உண்டு. சிலவற்றில் துடைத்தாலும் போகாது.

பிலிமில் எந்தப் படம் எந்த எஃப் எண்ணில் எடுத்தது என்று பதிவாகாது. சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் ஆன பிறகு விண்டோஸில் ஜேபெக் பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய், கமென்ட்ஸ் என்ற இடத்தில் லென்ஸ் பெயரையும் எஃப் எண்ணையும் டைப் செய்துவிடலாம். இந்தச் சோதனை முடியும்வரை லென்ஸ் வந்த பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போட வேண்டாம். திருப்பி அனுப்பக் கடைசித் தேதி என்ன என்பதை முன்பே பார்த்து, அதற்குள் பிலிம் கழுவி வரும்படி லேபில் கொடுத்துவிடுங்கள்.