குடோன் தெருவில் ஓவியக் கடைகள்

துபாய் என்றதும் நம் வணிகர்களுக்கு நினைவுக்கு வருவது தேரா கடைவீதி, தங்கக் கடைகள், வானைத் தொடும் கட்டடங்கள். அங்கே நடைபெறும் கல்ஃபுட் உணவுக் கண்காட்சியைக் காண மளிகை, பருப்பு வியாபாரிகள் சிலர் சேர்ந்து சென்றிருந்தோம். கண்காட்சியைப் பார்த்து முடித்தபின் ஒரு நாள் கையில் இருந்தது. பாக்கெட் போடும் இயந்திரம் ஒன்றை விசாரிக்க அல்கூஸ் என்ற தொழிற்பேட்டைக்குப் போனோம்.

அல்கூஸ் நமக்குப் பழக்கமான உலகம்தான். லாரிகள், ஒர்க்‌ஷாப்கள், வரிசையாகத் தகரக் கூரைக் குடோன்கள். ஒரு வளாகத்துக்குள் நுழைந்து முதல் குடோனை எட்டிப் பார்த்தோம். மூட்டைகள் இல்லை. வெள்ளைச் சுவரில் ஓவியங்கள்! அடுத்த குடோனிலும் அப்படியே. வழி தவறி வந்தவர்களென்று யாரும் விரட்டவில்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை.

அந்த வளாகத்தின் பெயர் அல்செர்கல் அவென்யூ. அல்செர்கல் குடும்பத்துக்குச் சொந்தமான இடம். 2007-இல் இங்கே கலைக்கூடங்களுக்கு இடம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் துபாயின் வருடாந்தர ஓவியச் சந்தையும் ஆரம்பமானது. பக்கத்தில் இருந்த பளிங்குக்கல் தொழிற்சாலை இடத்தையும் சேர்த்து 2015-இல் வளாகத்தை இரு மடங்காக்கினார்கள். 2017-இல் நான்கு குடோன்களை ஒன்றாக்கி, சுவரையே கதவுபோல் திருப்பித் திறக்கும் பெரிய மண்டபம் அமைத்தார்கள். பழைய குடோனை இடித்துத் தள்ளாமல் செய்த வேலை இது.

அவர்கள் வியாபாரம் எப்படி நடக்கிறது? ஒரு கூடத்தில் இருந்த மலையாளப் பெண் பொறுமையாக விளக்கினார். நம் கமிஷன் மண்டி மாதிரிதான். சரக்கு ஓவியருடையது. இடம், விளக்கு, விளம்பரம், வாடிக்கையாளர் எல்லாம் கூடத்துக்காரர் பொறுப்பு. விற்றால் பொதுவாக ஆளுக்குப் பாதி. மண்டிக் கமிஷன் கேட்டுப் பழகிய நமக்குத் தலை சுற்றியது. ஆனால் மாதக்கணக்கில் ஒரு படம்கூட விலை போகாமல் வாடகை கட்டுகிறவரும் அவரேதான்.

எங்களை அதிகம் நிறுத்தி வைத்தது, ஹசன் ஷெரீப் என்ற துபாய்க் கலைஞரைப் பற்றிய செய்தி. 1951-இல் பிறந்து 2016-இல் காலமானவர். அவர் வண்ணம் மட்டும் நம்பியிருக்கவில்லை. கடைவீதியில் மலிவாகக் கிடைக்கும் செருப்பு, கயிறு, துணி, பிளாஸ்டிக் சாமான்களை வாங்கி வந்து, கட்டிக் குவித்து, அதையே கலையாக வைத்தார். 2009-இல் செய்த ஒன்று வெறும் செருப்பும் கம்பியும்தான். நாம் டஜன் கணக்கில் விற்றுவிட்டு மறந்துபோகும் சரக்கு! நகரம் எதை வாங்குகிறது, எவ்வளவு வாங்கிக் குவிக்கிறது என்பதை அவர் நம் கல்லாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருக்கிறார்.

எங்களுடன் வந்த பருப்பு மொத்த வியாபாரி அண்ணாச்சி ஒருவர் படங்களைப் பார்க்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். காரணம் எங்களுக்குத் தெரியும். மொத்த வியாபாரம் பைபாஸ் பக்கம் போய்விட்டதால் ஊருக்குள் அவருடைய பழைய குடோன் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. விற்றுவிடலாம் என்று பங்காளிகள் நெருக்குகிறார்கள். கேட்கிறவர்களோ மனைக்கு மட்டும் விலை சொல்கிறார்கள். அப்பா கட்டிய கட்டடத்துக்கு ஒரு பைசா மதிப்பில்லை.

"அதே உயரம், அதே தகரம். இங்கே மதிப்பிருக்கு, அங்கே இல்லையா?" என்றார்.

அவசரப்பட்டு ஆமாம் சொல்ல எங்களால் முடியவில்லை. துபாயில் பணமுள்ள வாடிக்கையாளர்கள் உண்டு. இடம் முழுவதும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததால் பொறுத்திருக்கவும் முடிந்தது. ஒரு கூடம் தனியாக இருந்திருந்தால் யார் தேடி வருவார்கள்? தெருவாகச் சேர்ந்ததால்தான் கூட்டம் வந்தது. தேங்காய் மண்டியும் வெல்ல மண்டியும் ஒரே தெருவில் கூடியிருப்பதன் ரகசியமும் அதுதானே!

ஆகவே பூட்டிய குடோனை வைத்திருக்கும் அன்பர்கள் அதில் நாளையே படம் மாட்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. விலை பேசும் முன் அக்கம்பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் குடோன்களின் உரிமையாளர்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். தறித்துணி விற்பனையோ, புத்தகமோ, பயிற்சிக்கூடமோ, ஊருக்கு ஏற்றது எது என்பதை ஊர்க்காரர்கள்தான் அறிவார்கள்.

இயந்திரத்தை விசாரித்துவிட்டு இரவு விமானம் ஏறினோம். அண்ணாச்சி வழியெல்லாம் பேசவில்லை. ஊர் வந்து இறங்கியதும் தம்பிக்குப் போன் போட்டார். "அட்வான்ஸ் வாங்கிடாதே. நான் வந்து பேசிக்கிறேன்" என்றார். என்ன செய்யப் போகிறார் என்பது அவருக்கே இன்னும் தெரியாது. யோசிக்க ஒரு மாதம் கேட்டிருக்கிறார்.