நான்கு மணிப் பாட்டும் கதையும்

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநகராட்சி ஒரு வானொலி நடத்தத் தொடங்கியது. அதற்கான கருவி ஏற்கெனவே ஊரில் இருந்ததுதான். 1924இல் சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம் மூன்று ஆண்டுகள் ஒலிபரப்பிப் பார்த்து, பணம் போதாமல் 1927இல் நிறுத்திக்கொண்டது. தன்னிடமிருந்த 200 வாட் ஒலிபரப்பியை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு மாநகராட்சி மாலை 5.30 மணி முதல் 7.30 மணி வரை இசை ஒலிபரப்பியது. அதற்கு முன்னால், வேலை நாள்களில் 4 மணி முதல் 4.30 மணி வரை, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இசைப் பாடமும் கதையும்.

அந்த அரை மணி நேரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. சாலை போடுவது, குப்பை அள்ளுவது, தெருவிளக்கு ஏற்றுவது என்று இருந்த நகர நிர்வாகம் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் கொடுப்பதையும் தன் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ‘சமுதாய வானொலி’ என்ற சொல் அப்போது கிடையாது. ஆனால் ஊர்ப் பணத்தில், ஊர் எல்லைக்குள் கேட்கும்படி, ஊர்ப் பிள்ளைகளுக்காக நடந்த ஒலிபரப்பு அது.

1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. மாநகராட்சியின் வானொலி அதோடு முடிந்தது. மறு ஆண்டு மே 16இல் திருச்சி நிலையம், 1963இல் திருநெல்வேலி. 200 வாட் ஒலித்த சென்னையில் பின்னாளில் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி நின்றது. ஆயிரம் மடங்கு. ஓர் ஊருக்குச் சொன்ன கதை ஒரு மாநிலத்துக்குச் சொல்லும் கதையானது.

அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வானொலியில் உறவுக்காரர்கள் இருந்தார்கள். சென்னையில் ‘வானொலி அண்ணா’ கூத்தபிரான். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை வானொலியில் ‘வானொலி மாமா’. முகம் தெரியாத ஒருவரை அண்ணா என்றும் மாமா என்றும் அழைத்து அஞ்சலட்டை எழுதினோம். அவர் நம் பெயரைப் படித்துவிட்டால் அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் நமக்குத் தனி மரியாதை.

எங்கள் ஊரில் பஞ்சாயத்து போர்டு ரேடியோ ஒரு சிறிய அறைக்குள் பூட்டிக் கிடக்கும். அறையின் மேல் கூம்பு ஒலிபெருக்கி. ஞாயிற்றுக்கிழமை சிறுவர் நிகழ்ச்சிக்கு நேரமானால் நாங்கள் ஓடிப்போய், சாவி வைத்திருந்தவரை அவர் வீட்டிலிருந்து கூட்டிவருவோம். அவர் பூட்டைத் திறந்து, குமிழைத் திருப்பிவிட்டு, வாசலில் உட்கார்ந்து தானும் கேட்பார். வீட்டில் வானொலி வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கு 15 ரூபாய் அஞ்சலகத்தில் உரிமம் கட்ட வேண்டியிருந்த காலம். அதனால் இருபது முப்பது பிள்ளைகள் அந்த அறையைச் சுற்றி மண்ணில் உட்கார்ந்திருப்போம். கதையில் சிரிப்பு வரும் இடத்தில் எல்லோரும் ஒன்றாகச் சிரிப்போம். ஒன்றாகச் சிரித்ததாலேயே அது இன்னும் பெரிய சிரிப்பாக இருந்தது.

பத்து வயதில் ஒருமுறை நானே அந்த நிகழ்ச்சியில் கதை சொல்லப் போனேன். கனத்த கதவு, அது மூடியதும் காதை அடைத்த அமைதி, என் உயரத்துக்காகப் போட்ட முக்காலி, எதிரே சிவப்பு விளக்கு. என் அப்பாயி சொன்ன கதையைத்தான் எழுதி எடுத்துப்போயிருந்தேன். நிகழ்ச்சி நடத்திய அண்ணா படித்துப் பார்த்தார். “‘அப்பாயி’ன்னா நாகர்கோவில் பிள்ளைக்கு விளங்காது தம்பி, ‘பாட்டி’ன்னு சொல்லு” என்றார். ‘வெஞ்சனம்’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் ‘குழம்பு’ என்று மாற்றினார். கனிவாகத்தான் சொன்னார். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில் பதிவானது. அரை மணி நேரத்துக்கு 1,200 அடிச் சுருள் ஒன்று வேண்டும். நான் தடுமாறிய இடங்களை அவர் பிளேடால் வெட்டி, இரு முனைகளையும் சாய்வாகச் சேர்த்து ஒட்டினார். நாடாவின் விலை கருதி, ஒலிபரப்பான பிறகு அதை அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவது வழக்கம். என் பத்து வயதுக் குரல் அப்படித்தான் போனது.

அந்த ஏற்பாட்டின் நன்மையை மறுக்க முடியாது. பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். மெட்டமைக்கத் தெரிந்தவர்கள் அமைத்தார்கள். வயலினும் மிருதங்கமும் வாசிக்க நிலையக் கலைஞர்கள் இருந்தார்கள். ஒத்திகை இல்லாமல் எந்தப் பிள்ளையும் ஒலிவாங்கியின் முன் நின்றதில்லை. அழ. வள்ளியப்பாவின் தலைமுறை எழுதிய குழந்தைப் பாடல்கள் எங்கள் வீட்டுக்குள் மெட்டோடு வந்தது வானொலி வழியாகத்தான். எங்கள் அப்பாயி பாட்டியானாள். அதனால் நாகர்கோவில் பிள்ளையும் அவளைப் புரிந்துகொண்டது. கொடுத்தது ஒன்று, பெற்றது ஒன்று.

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்றானது. 2004 பிப்ரவரி 1இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்.எம். 90.4 மெகாஹெர்ட்சில் ஒலித்தது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம், பாம்பனில் மீனவர்களுக்கென்று கடல் ஓசை எனத் தமிழ்நாட்டில் நிலையங்கள் பெருகின. நாடு முழுவதும் இன்று ஏறத்தாழ 500. ஒவ்வொன்றுக்கும் பொதுவாக அனுமதிக்கப்படும் திறன் 100 வாட்; கேட்கும் தூரம் சுமார் 10 கிலோமீட்டர். கிருஷ்ணசுவாமி செட்டியின் கழகம் மாநகராட்சிக்குக் கொடுத்த கருவியின் திறனில் இது பாதி. வானொலி ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி ஊருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்படி ஒரு சிறிய நிலையத்தின் சிறுவர் நிகழ்ச்சிப் பதிவைப் பார்க்க சென்ற ஆண்டு போயிருந்தேன். பதிவு நிலையத்துக்குள் நடக்கவில்லை. நிகழ்ச்சி நடத்தும் பெண், கைப்பேசியைவிடச் சற்றே பெரிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைத் தோள்பையில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார். ஒரு திண்ணையில் ஐந்து சிறுமிகள் தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றாங்கல்லுக்கு ஒரு பாட்டு, இரண்டாங்கல்லுக்கு ஒரு பாட்டு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பாட்டு. கல் மேலே போகும்போது சொல் நீள்கிறது. கல் கையில் விழும்போது சொல் முடிகிறது. தாளம் கல்லில் இருக்கிறது. அவர் முதலில் கல்லைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் பாடச் சொன்னார். பிள்ளைகளுக்கு இரண்டாவது அடியே வரவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். “சரி, ஆடிக்கிட்டே பாடுங்க” என்றார். கல் சிமெண்டுத் தரையில் விழும் சத்தத்தோடு பாட்டு வந்தது. அப்படியே பதிவு செய்தார்.

பிறகு அந்தச் சிறுமிகளில் சின்னவள் ஒரு கதை சொன்னாள். நரியும் பனம்பழமும் வரும் கதை. “இது எங்க அப்பாயி சொன்னது” என்று தொடங்கினாள். நிகழ்ச்சி நடத்துபவர் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை. பாதியில் கதை மறந்துபோய், “அப்பாயி, பொறவு என்னா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். அடுப்படியிலிருந்து கிழவியின் குரல் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது. அதையும் வெட்டவில்லை. பின்னணியில் ஒரு சேவல் கூவியது. யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள். நான் சிறுவனாக நின்ற அறையில் காகிதம் புரளும் சத்தம்கூட வரக் கூடாது என்பார்கள். அந்த அறை வெளியே நிறுத்திவைத்த சத்தங்கள்தான் இன்றைய நிகழ்ச்சியின் உயிர்.

அன்று பிள்ளை நிலையத்துக்குப் போனது. இன்று நிலையம் பிள்ளையிடம் வருகிறது. அன்று குரல் தேர்வு நடத்தித் தேர்ந்தெடுத்தார்கள். இன்று திண்ணையில் இருப்பவர்கள் எல்லோரும் பாடலாம். திக்கிப் பேசும் பிள்ளையும் பேசலாம். பிளேடும் ஒட்டு நாடாவும் செய்த வேலையைக் கணினி நிமிடத்தில் செய்கிறது. 1,200 அடிச் சுருள் தாங்கிய நிகழ்ச்சி இன்று விரல்நகம் அளவு அட்டையில் ஒரு மூலையில் கிடக்கிறது. ஆனால் காப்பது இன்றும் பெரிய வேலைதான். அன்று நாடாவின் விலைக்காக அழித்தார்கள். இன்று வன்தட்டு பழுதானால் மாற்றுப் படி இருப்பதில்லை. நான் போன நிலையத்தில் இரண்டு ஆண்டுப் பதிவுகள் அப்படிப் போயிருந்தன. அவற்றில் பாடிய மூதாட்டிகள் இருவர் இப்போது உயிரோடு இல்லை.

பணத்தின் கதையும் மாறியிருக்கிறது. அன்று அண்ணாவுக்கு அரசுச் சம்பளம், எழுதியவருக்குச் சன்மானம். இன்று நிகழ்ச்சி நடத்துபவர் பாதித் தன்னார்வலர். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு சமுதாய வானொலிக்கான விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகவும், 10 நொடிக்கான கட்டணத்தை 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்த்தியது. 12 நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய் வரும். ஆனால் அந்த ஊரில் விளம்பரம் தரும் கடைகள் நான்கைந்துதான். அதனால் மாநகராட்சி வேலை நாள்தோறும் கொடுத்த அரை மணி நேரத்தை இந்த நிலையம் வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை மாலையில் கொடுக்கிறது. புதிதாகப் பாட்டு எழுதவோ மெட்டமைக்கவோ ஆள் இல்லை. தெருவில் இருக்கும் பாட்டு தீர்ந்தால் அடுத்து என்ன என்ற கேள்வி அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது.

கேட்பதிலும் அப்படித்தான். நாங்கள் கேட்க மட்டுமே செய்தோம். ஆனால் கூடி உட்கார்ந்து கேட்டோம். இன்றைய பிள்ளைகளுக்குப் பேச இடம் கிடைத்திருக்கிறது. கேட்கும் கூட்டம் குறைந்துவிட்டது. பட்டன் போனில் பாட்டுக் கேட்கும் கம்பியைச் செருகினாலே எப்.எம். எடுக்கும். இன்று வீட்டில் இருக்கும் தொடுதிரைக் கைப்பேசிகள் பலவற்றில் அந்த வசதியே இல்லை. கைப்பேசிகளில் எப்.எம். இருக்க வேண்டும் என்று 2023இல் ஒன்றிய அரசு உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அவரவர் அவரவர் நேரத்தில் கேட்கிறார்கள், அல்லது கேட்காமல் விடுகிறார்கள். ஒரே நேரத்தில் ஒரு தெரு முழுவதும் சிரிப்பது அதில் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுபடி அதே தெருவுக்குப் போனேன். அப்பாயியின் பழைய பட்டன் போனைத் திண்ணையில் வைத்து ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டிருந்தார்கள். முதலில் கல்லின் சத்தம் வந்தது. ஐந்து சிறுமிகளும் தங்கள் பாட்டைத் தாங்களே கேட்டபடி கையால் காற்றில் கல் எறிந்தார்கள். கதை வந்தபோது பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து நின்றார்கள். அடுப்படிக் குரல் ஒலித்ததும் எல்லோரும் கிழவியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இருபது பேர் இருப்பார்கள். ரேடியோ அறையைச் சுற்றி மண்ணில் உட்கார்ந்த கூட்டத்தை அன்றைக்குப் பிறகு அந்தத் திண்ணையில்தான் பார்த்தேன்.

திரும்பும்போது பேருந்தில் என் சிறிய வானொலிப் பெட்டியைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். சிறுவர் நிகழ்ச்சி முடிந்து விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் இரைச்சல் கலந்தது. அடுத்த நிறுத்தத்தில் குரல் போய்விட்டது. 100 வாட்டின் எல்லை அதுதான். அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊரிலும் பிள்ளைகள் தட்டாங்கல் ஆடுகிறார்கள். அங்கும் ஓர் அப்பாயி இருப்பாள். அவளுக்கும் ஒரு நிலையம் வேண்டும், வேலை நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு ஓர் அரை மணி நேரம் வேண்டும். 1930இல் ஒரு நகரத்தால் கொடுக்க முடிந்தது அது.