கோட்டிபுவா சிறுவர்களும் பதினைந்தாம் வயதும்

ஒடிசா மாநிலம் புரி மாவட்டத்தில், பார்கவி ஆற்றை ஒட்டி ரகுராஜ்பூர் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. பட்டச்சித்திர ஓவியர்களின் ஊராகவே பலரும் அதனை அறிவர். சிறுவர்கள் பெண் வேடம் பூண்டு, தாமே பாடி ஆடும் கோட்டிபுவா நடனமும் அங்குத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றுவிக்கப்பட்டு வருகிறது. ஒடியா மொழியில் 'கோட்டி' என்பது ஒன்று. 'புவா' என்பது பையன்.

இக்கலையைப் பயிலும் சிறுவர்களுள் பெரும்பாலோர் எளிய கிராமக் குடும்பங்களைச் சேர்ந்தோரே. ஐந்தாறு வயதில் குருவின் இல்லத்தில் வந்து தங்குகின்றனர். உடலை வில்லாக வளைக்கும் 'பந்த' நிலைகள் இளம் பருவத்திலேயே கைவர வேண்டும் என்பதே இதற்குக் காரணம். மாகுணி சரண் தாஸ் 1977இல் நிறுவிய தசபுஜா குழு இம்முறையைத் தொடர்ந்து பேணிற்று. அவருக்கு 2004இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆனால் குரல் உடைந்து உடல் வளரத் தொடங்கியதும், ஏறத்தாழ 14 அல்லது 15 வயதில், சிறுவன் ஆட்டத்திலிருந்து விலக நேர்கிறது. பிற தொழில்களில் ஒருவன் பயிற்சியைத் தொடங்கும் வயதில் இவனது தொழில் முடிந்துவிடுகிறது. அறுபதில் ஓய்வு பெறும் எம்மைப் போன்ற அலுவலர்களுக்கு இந்நிலை எளிதில் விளங்குவதில்லை.

பிறகு அவன் என்ன செய்வான்? ஒடிசி நடனத்தின் பேராசானாக விளங்கிய கேளுசரண் மகாபாத்ரா இதே ரகுராஜ்பூரில் 1926இல் பிறந்து, சிறு வயதில் கோட்டிபுவா ஆடியவர். பின்னர் நாடகக் குழுவில் தாளவாத்தியம் வாசித்தார், ஆடினார். கட்டக் நகரில் 1952இல் தோன்றிய கலா விகாஸ் கேந்திரத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். 2000இல் பத்ம விபூஷண் பெற்றார். அவரது மேதைமையை விதியாகக் கொள்ள இயலாது. எனினும் அவர் சென்ற வழி கருதத்தக்கது. ஆட்டம் நின்றபின் அவரைத் தாங்கியவை தாளமும் நாடக மேடையும் ஆகும். அவற்றுக்குப் பின்னரே ஆசிரியப் பணி அமைந்தது. 1964 முதல் புவனேஸ்வரத்தில் உத்கல் சங்கீத மகாவித்யாலயமும் உள்ளது. ஆயினும் பட்டப் படிப்பில் சேரப் பள்ளிப் படிப்பை முடித்திருத்தல் வேண்டும்.

மத்திய அரசின் உதவிகள் இல்லாமல் இல்லை. மண்டலப் பண்பாட்டு மையங்களின் குரு-சீடர் திட்டத்தில் குருவுக்கு மாதம் ரூ. 7,500, பக்கவாத்தியக் கலைஞருக்கு ரூ. 3,750, சீடருக்கு ரூ. 1,500 என விதிகள் வகுத்துள்ளன. 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு இரண்டாண்டுகளுக்கு மாதம் ரூ. 5,000 உதவித்தொகையும் உண்டு. கோட்டிபுவா சிறுவனுக்கு இடையில் மூன்று ஆண்டுகள் வெற்றிடமாக நிற்கின்றன. குடும்பத்தார் அவனைக் கூலி வேலைக்கு அனுப்புவதற்கு அந்த மூன்றாண்டுகள் போதும்.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது, 1982 முதல் நடைபெற்று வரும் பண்பாட்டுத் திறனறி உதவித்தொகைத் திட்டமாகும். 10 முதல் 14 வயதுக்குள் தேர்ந்தெடுக்கப்படுவோர், 20 வயது அல்லது முதற்பட்டம் வரை உதவி பெறலாம். தொகை சிறிதே, ஆனால் காலம் நீண்டது. இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. விண்ணப்பிக்கும் சிறுவன் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயில வேண்டும். அல்லது மரபுக் கலைக் குடும்பத்தைச் சேர்ந்தவனாக இருத்தல் வேண்டும். உழவர் வீட்டுப் பிள்ளை குருவின் இல்லத்தில் எட்டாண்டுகள் வளர்ந்தாலும், விதியின் கண்ணில் அது அவனது குடும்பம் ஆகாது. ஆகவே பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லையெனில் அவனுக்கு வழியில்லை.

மேலும், விண்ணப்பிக்க வேண்டிய வயதும் அவன் மேடையில் உச்சத்தில் நிற்கும் வயதும் ஒன்றே. குழு ஊர் ஊராகச் செல்கிறது, கைதட்டல் கிடைக்கிறது. வரப்போகும் நாளைப் பற்றி அப்போது எவரும் எண்ணுவதில்லை. எண்ணும்போது 14 வயது கடந்திருக்கும்.

இதனைச் சீர்செய்யப் புதிய திட்டம் தேவை என நான் கருதவில்லை. சிறுவன் சேரும் நாளிலேயே அவனது பிறந்த தேதியும் பள்ளிச் சேர்க்கை விவரமும் குருவின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆட்டத்துடன் மர்தளமோ வாய்ப்பாட்டோ 10 வயதிலேயே தொடங்கப்பட வேண்டும். மாவட்டப் பண்பாட்டு அலுவலர் ஆண்டுக்கொரு முறை அப்பதிவேட்டைப் பார்த்து, 13 வயது நிறைந்தவர்களின் விண்ணப்பங்களை அவ்வாண்டே அனுப்பிவிடலாம்.